செத்த கோழியின் புழுவும் தொட்டியில் வளர்த்த புழுவும் ஒன்றல்ல

கேள்வி: வந்தவாசி அருகே 150 வாத்துகள் வளர்க்கிறேன். பாதி நாட்டு வாத்து, மீதி காக்கி கேம்பல். அப்பா காலத்தில் அறுவடை முடிந்த வயல்களிலேயே மேய்த்தோம். இப்போது பட்டியில் வைத்துக் குருணை, தவிடு, கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் போடுகிறேன். தீவனச் செலவு தாங்கவில்லை. கறுப்பு சிப்பாய் ஈயின் புழுவைப் போட்டால் தீவனமே வாங்க வேண்டாம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அந்தப் புழு எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர் சொன்னபடி, செத்த கோழியைச் சாக்கில் கட்டி வாத்துப் பட்டிக்கு மேலே தொங்கவிட்டேன். உதிர்ந்த புழுக்களை வாத்துகள் ஆசையாகத் தின்றன. சில நாளில் நான்கு வாத்துகள் காலை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன, கழுத்து துவண்டுவிட்டது. இதுவரை 9 செத்துவிட்டன. இன்னும் இரண்டு எழ முடியாமல் கிடக்கின்றன. புழுத் தீவனமே விஷமா? விட்டுவிடலாமா? என் மகள் தனியாக வளர்க்கும் 12 குஞ்சுகளுக்குப் புழு கொடுக்கலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் பேசிவிட்டோம். அப்போது சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். செத்த கோழியைத் தொங்கவிடச் சொன்னவர் இன்னும் பத்துப் பேருக்காவது அதைச் சொல்லியிருப்பார் என்ற கவலைதான் காரணம்.

உங்கள் வாத்துகளைக் கொன்றது, அந்தப் புழுக்கள் தின்று வளர்ந்த பிணம். நீங்கள் விவரித்த அறிகுறிகளுக்குப் பொட்டுலிசம் என்று பெயர். கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் மண்ணிலும் குளத்துச் சேற்றிலும் சாதாரணமாகவே இருப்பவை. காற்றுப் புகாத, வெதுவெதுப்பான, அழுகும் சதை கிடைத்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். சாக்கில் கட்டிய கோழியைவிட அதற்குத் தோதான இடம் இல்லை. அந்தச் சதையைத் தின்னும் புழுவை நஞ்சு ஒன்றும் செய்வதில்லை. புழுவின் உடலில் அப்படியே சேர்ந்துகொள்கிறது. நஞ்சேறிய புழு மூன்று நான்கு போதும், ஒரு வாத்து சாய்ந்துவிடும். உங்கள் வாத்துகளோ போட்டி போட்டுக்கொண்டு தின்றிருக்கின்றன.

இந்த நஞ்சு நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தடுத்துவிடுகிறது. அதனால் முதலில் கால் இழுக்கும். பிறகு சிறகு தொங்கும். கண்ணின் உள்ளிமை பாதி மூடியபடி நிற்கும். கடைசியில் கழுத்து. தண்ணீருக்குள் இருக்கும் வாத்து தலையைத் தூக்க முடியாமல் மூழ்கியே செத்துப் போவதும் உண்டு. செத்த வாத்தை அறுத்துப் பார்த்தால் குடல், ஈரல், இதயம் எதிலும் கண்ணுக்குத் தெரியும்படி ஒன்றும் இருக்காது. "உள்ளே எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஏன் செத்தது என்றே தெரியவில்லை" என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னபோதுதான் என் சந்தேகம் உறுதிப்பட்டது.

இப்போது கிடக்கும் இரண்டையும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் விடாதீர்கள். நிழலில் வைக்கோல் பரப்பி, நெஞ்சு தரையில் படும்படி உட்காரவைத்து, தலைக்கு அடியில் சுருட்டிய சாக்கை முட்டுக்கொடுங்கள். விழுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். விழுங்க முடியாத வாத்தின் வாயில் தண்ணீரை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். இதற்கு முறிமருந்து உண்டு. ஆனால் நம் ஊர்களில் அது கைக்கு எட்டுவதில்லை. குறைவாகத் தின்றவை இரண்டு நாள் தாண்டிவிட்டால் பெரும்பாலும் மெல்லத் தேறிவிடும்.

செத்த ஒன்பதையும் எங்கே போட்டீர்கள் என்று நான் கேட்டதற்கு, ஏரிக்கரையில் வீசிவிட்டதாகச் சொன்னீர்கள். அன்றே போய் எடுத்துவந்து, ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொன்னேன். செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏனென்றால் அந்த ஒவ்வொரு பிணத்திலும் புழு வைக்கும்; அந்தப் புழுவை ஏரிக்கு வரும் அடுத்தவர் வாத்தும், நீர்க்கோழியும், கொக்கும் தின்னும்; அவை செத்து அவற்றிலும் புழு வைக்கும். சாக்கு தொங்கிய இடத்தின் கீழே உள்ள மேல்மண்ணையும் சுரண்டி அதே குழியில் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கழுத்து துவள்வதெல்லாம் பொட்டுலிசம் ஆகிவிடாது. மருந்து தெளித்த வயலில் மேய்ந்துவிட்டு வந்தாலும் வாத்து இழுத்துக்கொண்டு விழும். வாத்துக் கொள்ளை நோயில் தண்ணீர் போன்ற கழிச்சலும், மூக்கிலும் கண்ணிலும் ஒழுக்கும், வெளிச்சத்தைக் கண்டு கூசுவதும் இருக்கும். கும்பலாகத் திடீரென்று செத்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம்; அப்போது எதையும் அறுத்துப் பார்க்காமல் உடனே அரசு கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லிவிட வேண்டும். உங்கள் வாத்துகளுக்குக் கொள்ளை நோய்த் தடுப்பூசி போட்டதில்லை என்றீர்கள். தேறியவுடன் முதல் வேலையாக அதைப் போடுங்கள்.

இனி, புழுத் தீவனம் பற்றி. விட்டுவிடாதீர்கள் என்றே சொல்வேன். வாத்துக்குப் புழு புதிய உணவே அல்ல. உங்கள் அப்பா சொர்ணவாரிப் பருவ நெல் அறுத்த வயலிலும் நவரைப் பருவ நெல் அறுத்த வயலிலும் பட்டி போட்டபோது, அவை சிந்திய நெல்லை மட்டுமா தின்றன? நத்தை, குட்டி நண்டு, மண்புழு, சேற்றுப் பூச்சி என்று அலகால் சலித்துச் சலித்து எடுத்தன. அந்த உயிர்ச்சத்துதான் முட்டையாக வந்தது. பட்டியில் அடைத்தபோது நெல்லுக்குப் பதில் குருணை கொடுத்தீர்கள். நத்தைக்கும் பூச்சிக்கும் பதிலாகக் கருவாட்டுத் தூளும் புண்ணாக்கும் வாங்கவேண்டி வந்தது. செலவு ஏறியது அங்கேதான். புழு வந்து நிற்க வேண்டிய இடமும் அதுதான். குருணை, தவிட்டின் இடத்துக்கு அது வராது. எனவே தீவனமே வாங்க வேண்டாம் என்ற பேச்சை மறந்துவிடுங்கள்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு ஈயின் புழு வெள்ளையாக, வழவழப்பாக, ஒரு முனை கூராக இருக்கும். ஒரு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். கறுப்பு சிப்பாய் ஈயின் புழுவை உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள். தட்டையாக, வளையம் வளையமாக, தோல் செருப்பின் வார் போலக் கெட்டியாக இருக்கும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வளரும். இளம் மஞ்சள் நிறம், முற்ற முற்றப் பழுப்பாகிக் கடைசியில் கறுப்பு. இதன் ஈயைப் பார்த்தால் குளவி என்றே நினைப்பீர்கள்: ஒல்லியான கறுப்பு உடல், வயிற்றின் மேற்புறம் கண்ணாடிச் சன்னல் வைத்ததுபோல் இரண்டு தெளிவான இடங்கள், கால் நுனியில் வெள்ளை. அது கடிக்காது; சோற்றில் உட்காராது. ஈயான பிறகு அது இரை தேடுவதே இல்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பை வைத்துச் சில நாள் வாழ்ந்து, கூடி, முட்டையிட்டுச் செத்துவிடும். வீட்டு ஈ பெருகிவிடுமோ என்று அக்கம்பக்கத்தார் பயந்தால் சொல்லுங்கள்: இந்தப் புழு நிறைந்த தொட்டியில் வீட்டு ஈ முட்டையிடுவது குறைந்துவிடும்.

இந்த ஈ நம் ஊரில் தானாகவே உண்டு. ஒரு வாளியில் தவிட்டையும் மீந்த சோற்றையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து புளிக்கவிட்டு, மேலே இரண்டு மூன்று மரச்சில்லுகளைச் சிறு இடைவெளி இருக்கும்படி அடுக்கிக் கட்டி வைத்தால், பெண் ஈ அந்த இடுக்கில் வந்து முட்டையிடும். ஒரு ஈ 500-க்கும் மேலே இடும். வெளிர் மஞ்சள் கொத்தாகத் தெரியும். சுமார் நான்கு நாளில் பொரியும். வெயில் காலத்தில் இரண்டு, மூன்று வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடும். மார்கழி, தையில் கொஞ்சம் இழுக்கும்.

அடுத்து வருவது இந்தப் பதிலிலேயே முக்கியமான பகுதி. நீங்கள் புழுவுக்குப் போடுவதைத்தான் புழு வழியாக வாத்துக்குப் போடுகிறீர்கள். வாத்து முட்டை வழியாக அது உங்கள் வாடிக்கையாளரின் குழந்தைக்கும் போகிறது. இறைச்சிக் கழிவு, மீன் கழிவு, செத்த பறவை, கோழி எச்சம், இவை எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது. "இந்த ஈயின் புழு எதையும் தின்று சுத்தமாக்கிவிடும், ஒன்றும் ஆகாது" என்பார்கள். தின்னும், உண்மைதான். தின்று வளர்ந்த புழுவை உரத்துக்கோ வேறெதற்கோ வைத்துக்கொள்ளட்டும். வாத்துக்குக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் பதப்படுத்திய பூச்சிப் புரதத்தைக் கோழி, பன்றித் தீவனத்தில் சேர்க்க அனுமதித்தபோதுகூட, அந்தப் பூச்சிகளுக்குச் சாணமோ உணவகக் கழிவோ இறைச்சியோ போடக் கூடாது என்ற தடையை அப்படியே வைத்திருந்தது.

காய்கறிச் சந்தைக் கழிவு போடலாம், பழக்கழிவு போடலாம். மீந்த சோறு, தவிடு, வடித்த கஞ்சி, மரவள்ளித் தோல் எல்லாம் சரி. ஆனால் சந்தைக் கழிவிலும் ஒரு கண் வேண்டும். காலிபிளவர் இலை, கறிவேப்பிலைக் குச்சி போன்றவற்றில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கும். புதிதாக ஓரிடத்துக் கழிவு வந்தால் அதை ஒரு சிறு வாளியில் தனியே போட்டு, கொஞ்சம் புழுவை விட்டு ஒரு நாள் பாருங்கள். புழு செத்தால் அந்தக் கழிவு உங்கள் தோட்டத்துக்குள்ளேயே வேண்டாம். ஆலைப் பக்கத்துக் கழிவு, சாக்கடை ஓரத்துக் கழிவு எதையும் தொடாதீர்கள். காட்மியம் போன்ற கன உலோகங்கள் இந்தப் புழுவின் உடலில் தங்கிச் சேரும்.

இப்போது கணக்கு. காணொளிகள் சொல்லாமல் விடுவது இதைத்தான். முட்டையிடும் வாத்து ஒன்று ஒரு நாளில் சுமார் 140 கிராம் தீவனம் தின்கிறது என்று வைத்துக்கொண்டால், 150 வாத்துக்கு 21 கிலோ. அதில் இருபதில் ஒரு பங்கை, அதாவது ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டிய அளவைப் புழுவால் ஈடுகட்டுவதாகத் தொடங்குங்கள். பச்சைப் புழுவில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். ஆகவே ஒரு கிலோ உலர்ந்த புழுவுக்கு மூன்று கிலோ பச்சைப் புழு வேண்டும். வாத்துக்கு 20 கிராம், ஒரு சிறு கைப்பிடி. மூன்று கிலோ புழு தினமும் கிடைக்க வேண்டுமானால், தினமும் 20 முதல் 25 கிலோ கழிவு உங்கள் வாசலுக்கு வந்து சேர வேண்டும். இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் பன்னிரண்டு நாளில் சுமார் 15 கிலோ கழிவைத்தான் தின்று முடிக்கும். அப்படியானால் சுழற்சியில் இருபது தட்டுகள். வந்தவாசிச் சந்தையில் யாராவது ஒருவர் தினமும் கழிவைத் தனியே எடுத்துவைக்க ஒத்துக்கொண்டால்தான் இது நடக்கும். அதைப் பேசி முடிக்காமல் தட்டு வாங்கிவிடாதீர்கள்.

அந்த ஒரு கிலோ உலர்புழுவின் மதிப்பு என்ன? அதில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம்; ஏறக்குறைய ஒரு கிலோ கடலைப் புண்ணாக்குக்குச் சமம். தரத்தில் புழு ஒரு படி மேல், ஏனென்றால் கடலைப் புண்ணாக்கில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, புழுவில் அது நிறைய. இன்னொன்றும் உண்டு. வாத்தைப் போல, பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் நஞ்சுக்கு எளிதில் பலியாகும் வளர்ப்புப் பறவை வேறில்லை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகளும் கூடவே வாத்துக் குஞ்சுகளும் ஈரல் கெட்டுச் செத்தன. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கே காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்த நஞ்சை உலகம் கண்டுகொண்டதே அப்படித்தான். மழைக்காலத்தில் வாங்கும் புண்ணாக்கை எப்போதும் முகர்ந்து, உடைத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாம். புண்ணாக்கில் ஒரு பங்கைப் புழுவால் குறைக்க முடிந்தால், செலவோடு இந்த ஆபத்தும் குறைகிறது. ஆனால் "பூஞ்சை பிடித்த புண்ணாக்கைப் புழுவுக்குப் போட்டுவிடலாமே" என்று யோசிக்காதீர்கள். புழுவோடு ஒட்டிவரும் எச்சத்தில் அந்த நஞ்சு இருக்கும்.

இருபதில் ஒன்று பழகிய பிறகு பத்தில் ஒன்றுவரை ஏற்றலாம். அதற்கு மேல் வேண்டாம். புழுவில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. பட்டியில் அடைந்து கிடக்கும் வாத்துக்கு அது அதிகமானால் உடல் பெருத்து, ஈரலில் கொழுப்பு கட்டி, முட்டை குறைந்துவிடும். புழு கொடுத்தால் முட்டை கூடும் என்று அள்ளிப் போட்டு, முட்டை நின்றுபோன பட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். புழுவில் சுண்ணாம்புச் சத்து நன்றாகவே இருந்தாலும் இந்த அளவுப் புழு முட்டை ஓட்டுக்குப் போதாது. கிளிஞ்சல் தூளை நிறுத்தாதீர்கள்.

அறுவடை செய்வதில்தான் இந்தப் புழுவின் அருமை தெரியும். முற்றிய புழு தின்பதை நிறுத்தி, குடலைக் காலி செய்துகொண்டு, கூட்டுப்புழுவாக மாற உலர்ந்த இடம் தேடிக் கிளம்பும். தட்டின் ஒரு பக்கத்தில் பலகையை ஏணி சாய்ப்பதைவிடத் தாழ்வாகச் சாய்த்து, அதன் மேல்முனைக்குக் கீழே வாளி வைத்துவிடுங்கள். இரவு பத்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால், கறுத்த புழுக்கள் வரிசையாகப் பலகையில் ஏறி, ஒவ்வொன்றாக வாளியில் விழுவதைக் காணலாம். சல்லடையும் வேண்டாம், ஆளும் வேண்டாம். வாளியில் விழுந்ததில் ஒரு கைப்பிடியை அடுத்த தலைமுறைக்கு ஈயாக விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டுகளை நிழலில், எறும்பு ஏறாதபடி கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வையுங்கள். கழிவைக் கையில் பிழிந்தால் சில சொட்டு வர வேண்டும். ஒழுகினால் தவிடு தூவுங்கள். கத்திரி வெயிலில் கூரைத் தகரத்துக்கு அடியில் வைத்தால் ஒரே மதியத்தில் எல்லாம் தட்டை விட்டு ஓடிவிடும், அல்லது வெந்துவிடும்.

எடுத்த புழுவைக் கழுவி, கொதிக்கும் நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, ஆறவைத்துக் கொடுங்கள். சால்மோனெல்லா போன்ற கிருமிகளைக் குறைக்க இது உதவும். மிஞ்சினால் வெயிலில் சரசரவென்று காயவைத்து மூடிவைக்கலாம். காய்ந்த புழு கொடுக்கும்போது தலை முங்கும் ஆழத்துக்குத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வாத்து ஒரு வாய் தீவனத்துக்கு ஒரு வாய் தண்ணீர் எடுக்கும் பறவை. கொதிக்கவைத்துவிட்டால் பிணப் புழுவையும் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் கூடவே கூடாது என்பதுதான்.

எல்லா வாத்துக்கும் ஒரேயடியாகத் தொடங்காதீர்கள். ஒரே வயதுள்ள நாற்பது காக்கி கேம்பலைப் பிரித்து, இருபது இருபதாக அடையுங்கள். ஒரு பக்கம் பழைய தீவனம். மறுபக்கம் கருவாட்டுத் தூளை எடுத்துவிட்டு, புண்ணாக்கையும் கொஞ்சம் குறைத்து, புழு. வாத்து பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்குள் முட்டையிட்டுவிடும். அதற்குப் பிறகு வெளியே விட்டு, முட்டையை எண்ணி, நிறுத்து, நோட்டில் எழுதுங்கள். ஆறு வாரம் எழுதினால் உங்கள் பட்டிக்கு இது கட்டுமா என்று அந்த நோட்டே காட்டிவிடும். மஞ்சள்கரு நிறத்துக்குப் புழுவை எதிர்பார்க்காதீர்கள், அது கீரையிலிருந்தும், அசோலா என்ற மிதக்கும் நீர்த்தாவரத்திலிருந்தும் வருவது.

உங்கள் மகளின் குஞ்சுகளுக்கு மூன்று வாரம் முடியும்வரை புழு வேண்டாம். அந்த வயதில் அதிகமான சுண்ணாம்புச் சத்து சிறுநீரகத்துக்கு ஆகாது; கறுத்துப்போன முற்றிய புழுவில் அது இன்னும் அதிகம். அதற்குப் பிறகு கொடுப்பதானால், கறுக்காத இளம் புழுவாக, வேகவைத்து, இரண்டாக நறுக்கி, குஞ்சுக்கு இரண்டு மூன்று துண்டு. இப்போது அவற்றுக்கு வேண்டியது நயாசின் என்ற பி வைட்டமின். கோழிக் குஞ்சைவிட வாத்துக் குஞ்சுக்கு அது அதிகம் தேவை. கோழிக் குஞ்சுத் தீவனத்தை மட்டும் போட்டு வளர்த்தால் கால் வளைந்துவிடும். தீவனத்தில் தினமும் ஈஸ்ட் தூள் கலந்து கொடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் அலகு முங்க வேண்டும், குஞ்சு முங்கக் கூடாது. கிண்ணத்துக்குள் நான்கைந்து கூழாங்கற்களைப் போட்டுவைத்தால் அதற்குப் போதும்.